வண்டியை யார் பார்த்துக்கொள்வது?

என் வீட்டுக்காரர் ஓட்டும் பஸ்ஸின் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில், 'உங்கள் மாநிலம், உங்கள் அழகு! காலையில் போய் மாலையில் திரும்பலாம்!' என்று எழுதியிருக்கும். அந்த 'உங்கள்' என்ற வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருடைய அழகாம்? ஊரில் உள்ள அத்தனை பேருடைய அழகும்தான், என்னைத் தவிர.

அருவி, அணைக்கட்டு, ஏரி, மலை உச்சி என்று மாற்றி மாற்றிக் கூட்டிப்போய்க் காட்டுகிற கம்பெனி அது. பஸ் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டால் ஊர் ஊராகச் சுற்றலாம் என்று கல்யாணத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். நானும் நம்பித் தொலைத்தேன். ஊருக்கெல்லாம் என்றைக்கு லீவோ அன்றைக்குத்தான் அவருக்கு வேலை இடுப்பை முறிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் ஓய்வு. அன்றைக்கு "எங்கயாவது போலாமா?" என்று கேட்டால் சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு, "ரோட்டைப் பாத்தாலே குமட்டுது" என்பார்.

"அருவிக்காவது?"

"அதைத்தான் நான் வாராவாரம் பாக்கறனே! மேல இருக்கற தண்ணி கீழ விழுது. வேற என்ன இருக்கு அதுல?"

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில்தான் மெஷின். அளவு கொடுக்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "உங்க வீட்டுக்காரர் வண்டியிலதான் அருவிக்குப் போனோம். அடடா, என்னா அழகு! உங்களுக்கென்ன, எப்ப வேணும்னாலும் பாப்பீங்க" என்பார்கள். கழுத்தைச் சுற்றி நான் டேப் பிடித்திருக்கும்போது என்னிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாது.

இவரும் ராத்திரி சாப்பிடும்போது அருவிப் புராணம் பாடுவார். ஒருநாள், "யப்பா, என்னா சத்தம்! பக்கத்துல நிக்கறவன் பேசினாக்கூடக் கேக்காது" என்பார். மறுநாளே, "என்ன பெரிய அருவி, குழாயைச் சரியா மூடாம விட்ட மாதிரி ஒழுகிக்கிட்டு இருக்கு" என்பார்.

"நேத்து காது அடைச்சுப்போச்சுன்னீங்க?"

"அது நேத்து."

ஒரு வாரம் வானவில் தெரியும். அடுத்த வாரம், "வானவில்லா? எவன் சொன்னான்?" என்பார். அருவி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது, நாளுக்கு ஒரு புத்தி என்று நானும் விட்டுவிட்டேன்.

இதெல்லாம் பழகிப்போன விஷயம். விவகாரத்தைக் கிளப்பியது என் நாத்தனார். அடுத்த தெருவில் இருக்கிறாள். ஒருநாள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணி, இதைப் பாருங்க! அண்ணன் வண்டியிலதான் போயிட்டு வந்தோம்!" என்று ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். எல்லாப் படத்திலும் அருவி பின்னால் இருந்தது. முன்னால் அவளும் அவள் புருஷனும் நனைந்த தலையோடு ஈ என்று இளித்துக்கொண்டு நின்றார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தண்ணீரைப் பார்த்து எனக்கு ஆசை வரவில்லை. பக்கத்தில் நின்றானே, அவள் புருஷன், அவன்மேல்தான்... ஐயோ, தப்பாக நினைக்காதீர்கள். அவன் நின்றதன்மேல். ஒரு வேலையும் இல்லாமல், அவசரமும் இல்லாமல், பெண்டாட்டி பக்கத்தில் நனைந்துகொண்டு சும்மா நின்றான் பாருங்கள், அதன்மேல். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வெளியே எங்கேயாவது நிற்கிற மாதிரி ஒரு போட்டோகூடக் கிடையாது.

"நீங்க இன்னும் பாக்கவே இல்லையா அண்ணி? அண்ணனே டிரைவரா இருந்துமா?" என்று அவள் வேறு கேட்டு வைத்தாள்.

அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். "வர்ற செவ்வாக்கிழமை அருவிக்குப் போறோம். நீங்களும் நானும். இல்லைன்னா உங்க சட்டைக்கு இனிமே நான் பட்டன் தைக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். ஆனால் வயிறு வளர வளர வாரத்துக்கு ஒரு பட்டன் தெறிக்கிற ஆள் அவர். திங்கட்கிழமை சாயங்காலம் சட்டையின் நடுவில் ஊக்கு குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "சரி, போலாம்" என்றார். முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. ஒரு நாள் தூக்கம் போகிறதே என்று வருத்தம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்த வண்டியை அருவிக்கு ஓட்டுகிறவருக்கு மீசை என்று பெயர். ஏன் என்று கேட்கத் தேவையில்லை, முகத்தில் பாதி அதுதான். நாங்கள் பஸ் கிளம்புகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இவர் நேராக டிரைவர் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கியும் வைத்துவிட்டார்.

"அண்ணே, பாசஞ்சரெல்லாம் இந்தப் பக்கம்" என்றார் மீசை.

டிரைவருக்குப் பின்னாலேயே முதல் சீட். வண்டி கிளம்பியது. நான் ஜன்னல் வழியாக வயலையும் குன்றையும் பார்த்துக்கொண்டு வரலாம் என்றால், இவர் விட்டால்தானே! எதிரே லாரி வந்தால் இவருடைய வலது கால் தரையை அழுத்தும். வளைவு வந்தால் இரண்டு கையும் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பும். மலை ஏற ஆரம்பித்ததும் இன்னும் மோசம். அந்தக் கால் என் செருப்பின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் என் சுண்டுவிரல்தான் பிரேக்.

"கியரைக் குறை, கியரைக் குறை..."

"அண்ணே, நானும் லைசென்ஸ் வாங்கித்தான் ஓட்டறேன்" என்றார் மீசை, திரும்பாமலே.

மேலே போய் வண்டி நின்றது. மீசை எழுந்து, "ஒரு மணி நேரம்! ஹார்ன் அடிச்சதும் எல்லாரும் வந்துடணும். லேட்டா வர்றவங்க ஊருக்கு நடந்துதான் வரணும்!" என்று சத்தம் போட்டார். இவரும் வாய்க்குள் அதையே கூடச் சேர்ந்து சொன்னார். இவருடைய வசனம்தான் அது. உலகத்தில் இவர் அடியோடு வெறுக்கிற ஜென்மம் ஒன்று உண்டு என்றால் அது லேட்டாக வருகிற பாசஞ்சர். "ஒருத்தனுக்காக அத்தனை பேர் காத்துக் கெடக்கணுமா? அவனெல்லாம் மனுஷனே இல்லை" என்று வீட்டுக்கு வந்தும் பொருமுவார்.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். நாங்களும் இறங்கினோம். இவர் வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்த்தார். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். முன்கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடினார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"போலாமா?"

"நீ போய்ப் பாத்துட்டு வா. நான் வண்டியைப் பாத்துக்கறேன்."

"எதை?"

"வண்டியை."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கல்லை எடுத்திருப்பேன், சக்கரம் உருண்டுவிடுமே என்று விட்டேன். "வண்டியை அவரு பாத்துப்பாரு! இன்னிக்கு நீங்க பாசஞ்சர்! என்னோட வந்த பாசஞ்சர்!" என்று கத்தினேன். பின் சீட்டில் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்த மீசை, துண்டை விலக்காமலே, "போயிட்டு வாங்கண்ணே" என்றார்.

சரி என்று நடந்தார். ஆனால் அந்தப் பார்க்கிங்கைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீயை நீட்டினார். ரசீது கிழிக்கிறவர் வந்து, "என்னண்ணே, கலர் சட்டை?" என்று தோளில் தட்டினார். எங்கிருந்தோ ஒரு செம்பட்டை நாய் பாய்ந்து வந்து இவர் கால் இரண்டையும் சுற்றி வந்தது. எந்த மரத்தடியில் எதுவரைக்கும் நிழல் இருக்கும், எந்தக் குழாயில் தண்ணீர் சில்லென்று வரும் என்றெல்லாம் எனக்குக் காட்டினார். வீட்டில் டவல் எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன்! இவரை இப்படி நாலு பேர் தேடி வந்து பேசுகிறார்களே என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அருவி எந்தப் பக்கம்?" என்றேன்.

இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். "இப்படித்தான்" என்று நடந்தார்.

"அங்க ஏதோ போர்டு இருக்கே..."

"போர்டெல்லாம் டூரிஸ்டுக்கு. நீ வா."

நாய் முன்னால் போனது. கடைகளுக்குப் பின்புறம், காலி அட்டைப்பெட்டிகளையும் உடைந்த நாற்காலிகளையும் தாண்டி, ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். இறங்கினோம், இறங்கினோம், இறங்கிக்கொண்டே இருந்தோம். கடைசியில் பூட்டிக் கிடந்த ஓர் இரும்புக் கதவு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை.

இவர் விரலை உயர்த்தினார். "சத்தம் கேக்குதா?"

"கேக்குது. மோட்டார் சத்தம்."

திருட்டு முழி முழித்தார். அந்த நேரம் பார்த்து, கையில் வாளியோடு கழிப்பறையைப் பார்த்துக்கொள்கிற அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "டிரைவரண்ணே! பம்ப் ரூம்ல என்ன வேலை? கூட யாரு, அண்ணியா? அருவிக்கா? அய்ய, அது அந்தப் பக்கம்! டிக்கெட் கவுண்டரைத் தாண்டிப் படிக்கட்டு!" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணனுக்கு எப்படித் தெரியும்? வண்டியை விட்டு நகர்ந்தாத்தானே! நானும் இங்க வந்த நாளா பாக்கறேன், சாப்பிட்டுப் படுத்தாருன்னா ஹார்ன் அடிக்கத்தான் எழுந்திருப்பாரு."

அக்கா போய்விட்டார். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க அருவியைப் பாத்ததே இல்லையா?"

"பாத்த மாதிரிதான்."

"பாத்த மாதிரின்னா?"

அசடு வழிந்தார். "திரும்பி வரும்போது எல்லாரும் பின்னால ஒக்காந்து அதையேதானே பேசுவாங்க? கேட்டுக்கிட்டே ஓட்டுவேன்."

எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. வண்டியில் குழந்தைகள் வந்த நாளில் அருவிக்குக் காதை அடைக்கிற சத்தம். காலேஜ் பையன்கள் வந்த நாளில் மூடாத குழாய்.

"அப்போ அந்த வானவில்?"

"ஒரு குடைக்காரம்மா சொன்னாங்க."

"இத்தனை வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்கீங்க!"

"சத்தம் போடாதே. இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்" என்று கெஞ்சினார். பிறகு நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இங்க பாரு, இறக்கம் பொல்லாத இறக்கம். பின்னால அத்தனை பேரு என்னை நம்பி ஒக்காந்திருப்பாங்க. எனக்குக் கண்ணு சொக்கலாமா? அந்த ஒரு மணி நேரம் படுத்து எழுந்தாத்தான் ஒழுங்கா இறக்குவேன். அருவி டிரைவரே அருவியப் பாக்கலைன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? அதான் ஆரம்பத்துல ஏதோ சொல்லி வெச்சேன். சொல்லச் சொல்ல எனக்கே பாத்த மாதிரி ஆயிடுச்சு."

இதற்குக் கோபப்பட வேண்டும் என்று நான் மிகவும் முயற்சி செய்தேன். அவர் தூங்கியதால் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தவர்கள்தான் என்னிடம் வந்து அளவு கொடுக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது.

"நடங்க" என்றேன். "அருவி இன்னும் அங்கதான் இருக்கும்."

வந்த வழியே மேலே ஏறி, டிக்கெட் வாங்கி, படிக்கட்டைப் பார்த்தால் மலைப்பாக இருந்தது. அது பாட்டுக்கு வளைந்து வளைந்து மேலே போகிறது. இவர் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பாதியில் டப் என்று ஒரு சத்தம். முந்தின ராத்திரி நான் தைத்த பட்டன் படிகளில் குதித்துக் குதித்துக் கீழே போனது. நாய் அதைத் துரத்திக்கொண்டு போனது. எங்களுடைய பஸ்காரர்கள் தலை துவட்டிக்கொண்டே எதிரே இறங்கி வந்தார்கள். "சீக்கிரம் போங்க, அடுத்த வளைவுதான்!" என்றார்கள்.

அப்போதுதான் ஹார்ன் கேட்டது.

இவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு அது வெறும் ஹார்ன் இல்லை. எத்தனையோ பேரை அவர் அப்படி அடித்துக் கூப்பிட்டிருக்கிறார், எல்லோரும் மூச்சிரைக்க ஓடி வந்திருக்கிறார்கள். இன்னொரு தடவை கேட்டது. அவருடைய ஒரு கால் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை. நானா, வாயைத் திறக்கவில்லையா என்று என்னைத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். திறக்கவில்லை. 'வாங்க' என்று நான் சொல்லி அவர் வந்தால் அதுவும் ஒரு டியூட்டிதான். இப்போது இவர் கீழே இறங்கினால் இனிமேல் ஜென்மத்துக்கும் எங்கேயும் கூப்பிட மாட்டேன் என்று மட்டும் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை நீளமாகக் கேட்டது.

"அடிக்கட்டும்" என்றார்.

கீழே இறங்கிய காலை எடுத்து மேலே வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டில் நடக்கும்போதுகூட நாலடி முன்னால் போகிற மனுஷன், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த வளைவைத் தாண்டினார்.

அருவி ஒன்றும் அப்படிப் பெரிதில்லை. நாத்தனார் போட்டோவில் இருந்ததைவிடச் சின்னதுதான். கரும்பாறையில் இரண்டாகப் பிரிந்து விழுந்து, கீழே ஒன்றாகி, எங்கள் மூஞ்சியில் சாரலை வாரி அடித்தது. அங்கே எங்களைத் தவிர இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். இவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அதோ பாரு, குடைக்காரம்மா சொன்ன வானவில்! கீழ, இடது பக்கம்! நான் மேலேன்னுல்ல நெனச்சிருந்தேன்!" என்றார். "அந்தப் பாறை, மாடு படுத்திருக்கற மாதிரி இருக்குன்னு ஒரு குழந்தை சொல்லுச்சு. இருக்குல்ல? கொம்புகூட இருக்கு பாரு! குழாய்னு சொன்னானுங்களே அந்தப் பசங்க, அவனுங்களை நடக்க விட்டிருக்கணும்!"

ஒவ்வொன்றையும் யார் சொன்னார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சரிபார்த்தார். சட்டை நடுவில் திறந்து காற்றில் பறந்தது. நான் பக்கத்தில் நனைந்துகொண்டு சும்மா நின்றேன். சந்தோஷமாக இருந்தது. அங்கே இருந்த ஒரு பெண்ணிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அந்தப் படத்தில் இவர் முகமே இல்லை, அருவியைப் பார்த்துத் திரும்பிய பின்மண்டைதான். நான் அந்தப் பின்மண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

படியிறங்கும்போது, "அடுத்த செவ்வாக்கிழமை அணைக்கட்டு. அதையும் நான் பாத்ததில்லை" என்று அவராகவே சொன்னார்.

பஸ்ஸில் ஏறினோம். அத்தனை பேரும் எங்களையே முறைத்தார்கள். "டைம் சொன்னா வரத் தெரியாதா? உங்க ரெண்டு பேருக்காக நாங்க எத்தனை பேரு காத்துக் கெடக்கறோம்?" என்று ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிடுங்க" என்றார். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

வண்டி இறங்க ஆரம்பித்தது. இவரால் சும்மா இருக்க முடியவில்லை. முன்னால் சாய்ந்து, "மீசை, அந்த வானவில் இருக்கு பாரு, அது இடது பக்கம்தான்..." என்று ஆரம்பித்தார். மாடு, கொம்பு, சாரல் என்று ஒன்று விடாமல் சொன்னார். மீசை ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் தலை மட்டும் லேசாகச் சாய்ந்து, ஒரு காது எங்கள் பக்கம் இருந்தது.

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணி? வண்டியை யாரு பாத்துக்கறது?" என்றார். ஒரு வளைவு தாண்டியது. "எங்க வீட்டுலயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."

"அடுத்த செவ்வாக்கிழமை கூட்டிக்கிட்டு வாயேன். வண்டியை நான் பாத்துக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அணைக்கட்டு ஞாபகம் வந்தது. நான் தொடையில் கிள்ளிய கிள்ளு அப்படி. மீசை கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "வேணாம்ணே. அண்ணிக்கு..."

"அண்ணிக்கு என்ன?" என்றேன். "அணைக்கட்டு எங்கயும் ஓடிப்போகாது. நாங்க ரெண்டு பேருமே வர்றோம். நீங்க உங்க வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கிட்டு மேல போங்க. இவரு படுத்துத் தூங்கட்டும், வண்டியை நான் பாத்துக்கறேன். இறக்கத்துல இவரு ஓட்டுவாரு. நீங்க ரெண்டு பேரும் பின்னால ஒக்காந்து அருவியைப் பத்தி நல்லாச் சத்தமாப் பேசிக்கிட்டு வாங்க."

கண்ணாடியில் அவருடைய மீசை இரண்டு பக்கமும் அகன்றது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். வளைவுக்கு மேல் வளைவு வருகிறது, என் செருப்பின்மேல் கால் இல்லை. திரும்பிப் பார்த்தால், இவர் என் தோளில் தலையைச் சாய்த்து, ஈரச் சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். அருவிக்கு முன்னால் நின்றபோது திறந்த வாய் இன்னும் மூடவில்லை.

"ஹார்ன் அடிக்காம ஓட்டுங்க" என்று மீசையிடம் ரகசியமாகச் சொன்னேன்.

"மலை இறக்கம் அண்ணி! அடிக்காம எப்படி?"

"அப்போ மெதுவா அடிங்க" என்றேன்.